மாவுக் கூடைப் பல்பு

கொல்லிமலைக்கு ஏறுகிற சாலை முதல் வளைவு திரும்புவதற்கு முன்னால், புளியமரங்களுக்கு நடுவே ஒரு சின்ன மடம் இருந்தது. அதன் தலைவி மரகதம்மை. எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், அவரைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட.

அந்த மடத்தில் தட்சிணை என்றால் பணமும் இல்லை, பழத்தட்டும் இல்லை. வந்து தங்குகிறவர் தமக்குத் தெரிந்த ஒரு வித்தையை அம்மாவுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். முடிதிருத்துகிறவர் ஒருவர் சவரக் கத்தி தீட்டக் கற்றுக்கொடுத்தார். தேனீ வளர்த்த ஒருவர் பெட்டி வைக்கக் கற்றுக்கொடுத்தார். அப்போது அம்மாவின் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போனது, ஆனால் பெட்டி இன்றும் இருக்கிறது. கற்றதை அன்றைக்கே பயன்படுத்திப் பார்த்துவிட வேண்டும் அம்மாவுக்கு. அந்த மடத்தில் இருந்த ஒரே ஆபத்து அதுதான்.

குழந்தைவேலு மட்டும் தட்சிணையைத் தள்ளிக்கொண்டே வந்தார். பெயர்தான் குழந்தை, ஆள் ஆறடி, அறுபதை நெருங்குகிறவர். துணைமின் நிலையத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தார். அம்மா கேட்கும்போதெல்லாம், "கரண்டு வெளையாட்டுச் சமாசாரம் இல்லைங்கம்மா" என்று சொல்லி நழுவிவிடுவார்.

மலைமேல் மடத்துக்கு ஒரு முதியோர் இல்லம் உண்டு. போக்கிடம் இல்லாத பதினாலு பேர் அங்கே இருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்ட தங்காயி அம்மாளுக்கு முழங்கால் போய்விட்டது. தை பிறந்தால் தம்பி வீட்டுக்குப் போகிறார். வேறு ஆள் வராவிட்டால் இல்லத்தை மூடிவிட்டு, அங்கிருப்பவர்களை ஆளுக்கொரு ஊராகப் பிரித்து அனுப்ப வேண்டியதுதான். அவர்களில் அண்ணியும் நாத்தனாருமாக இரண்டு கிழவிகள் இருந்தார்கள். பகல் முழுக்கச் சண்டை போடுவார்கள். படுத்தால் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொள்ளாமல் தூக்கம் வராது.

போகிறீர்களா என்று அம்மா குழந்தைவேலுவைத்தான் கேட்டார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவர் ஒரு நாள் மேலே போனார். போன இடத்தில் வயரிங்கைச் சரிசெய்தார். படுக்கையை நனைத்துவிட்ட ஒரு கிழவரைத் தூக்கிக்கொண்டுபோய்க் குளிப்பாட்டி, நகம் வெட்டி, கஞ்சி ஊட்டினார். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் நடுவில் போய் இரண்டு பேரிடமும் வசவு வாங்கினார். சாயங்கால ஜீப்பில் இறங்கி வந்தார்.

அதன் பிறகு ஒரு வாரம் அறையை விட்டு அதிகமாக வெளியே வரவில்லை. வந்தபோது முகம் சுண்டியிருந்தது.

"என்னால ஆகாதுங்கம்மா."

"ஏனுங்க வேலண்ணா?"

"கணக்குப் போட்டுப் பாத்துட்டனுங்க."

"எப்படிப் போட்டீங்க?"

"ரூம்புல உக்காந்து ஒவ்வொண்ணா நெனச்சுப் பாத்தேன். அந்த வாசம். ராத்திரியெல்லாம் இருமல். விடியறப்ப ஒருத்தர் எந்திரிக்காமப் போறது. எங்கிட்டத் தாங்கற சக்தி ரொம்பக் கம்மிங்கம்மா. ஒரே வாரத்துல ஃபியூஸ் போயிரும்."

"அன்னைக்கு மேல இருந்தப்ப எப்படி இருந்துச்சுங்க?"

"அன்னைக்கு வேலை இருந்துச்சு. ஒண்ணும் தெரியல. கீழ வந்து யோசிச்சப்பத்தான் தெரிஞ்சுது."

அம்மா தலையை ஆட்டினார்.

"கேட்டதச் செய்யாம இங்க உக்காந்து சோறு திங்க மனசு ஒப்பலைங்க," என்றார் குழந்தைவேலு. "வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குப் பையன் வீட்டுக்குப் போயர்றேன்."

உண்மையைச் சொன்னால், அவருக்கு மலைக்குப் போகத்தான் ஆசை. மனைவி போன பிறகு அந்த ஒரு நாள் மாதிரி நிறைந்த நாள் அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால் அந்த ஆசையின் தோளில் பயம் ஏறி உட்கார்ந்திருந்தது. அம்மா இன்னும் ஒரு தடவை வற்புறுத்துவார் என்று எதிர்பார்த்தார். அப்போது சொல்வதற்கு நாலைந்து பதில்கள்கூடத் தயாராக வைத்திருந்தார்.

"சரிங்க," என்றார் அம்மா. "அப்ப என்ற தட்சணை?"

குழந்தைவேலு சமையல்கட்டின் பின்சுவருக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு கையில் கரண்டை அளக்கிற மல்டிமீட்டர், மறு கையில் மடத்தின் பழைய சின்ன இஸ்திரிப் பெட்டி. சமையல் செய்கிற பாவாயி சாம்பல் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"அழுத்தறது வோல்ட்டுங்க," என்றார். "ஓடறது ஆம்ப்ஸ். தடுக்கறது ஓம்ஸ்."

ஓம் என்று கேட்டால் மடத்தில் யாராக இருந்தாலும் அதை மந்திரமாக்கிக் கைகூப்புகிற ஹாஸ்யத்தை அம்மா செய்யவில்லை. பாவாயி செய்தாள்.

"வோல்ட்ட ஆம்ப்ஸால வகுத்தா அதோட தடை வந்துரும். வோல்ட்டையும் ஆம்ப்ஸையும் பெருக்குனா வாட்ஸ். எவ்வளவு கரண்டு திங்குதுன்னு அது சொல்லும்."

"ரெண்டு தெரிஞ்சா மீதி தெரிஞ்சுரும்."

"அவ்வளவுதாங்க."

"அந்த ரெண்ட எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"வோல்ட்டப் பாக்க வெளிய நின்னு ரெண்டு மொனையத் தொட்டாப் போதுங்க. ஆம்ப்ஸ் வேணும்னா லைன வெட்டி, மீட்டர நடுவுல நுழைக்கோணும். ஓடறது முச்சூடும் மீட்டருக்குள்ள பூந்து போகோணும்."

"வெளிய நின்னாத் தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க."

அம்மா அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இஸ்திரிப் பெட்டியைப் போட்டு அளந்தார்கள். வோல்ட் இருநூற்று முப்பது. ஆம்ப்ஸ் இரண்டு. அம்மா கரித்துண்டால் சுவரில் வகுத்தார். தடை நூற்றுப் பதினைந்து ஓம். பிறகு பெருக்கினார். நானூற்று அறுபது வாட். கண்ணில் தெரியாத ஒன்றைக் கரிக்கட்டியால் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அம்மாவின் மூக்கெல்லாம் கரி.

குழந்தைவேலுவுக்கு அவசரம். அறையில் துணிகள் மடிக்காமல் கிடந்தன. இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, அதன் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்துக் காட்டினார். நூற்றுப் பதினாலு ஓம்.

"பாத்தீங்களா. லைன வெட்டற சிரமமே வேண்டாங்க. அணைச்சு வெச்சே தடைய அளந்துக்கலாம். வோல்ட்ட அதால வகுத்தா ஆம்ப்ஸ். மறுக்கா வோல்ட்டால பெருக்குனா வாட்ஸ். குறுக்கு வழி."

"இது நல்லாருக்குதே."

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. நம்ம சோலார் இன்வெர்ட்டர் எண்ணூறு வாட்டுக்கு மேல தாங்காது. அதுக்கு மேல போறது எதையும் மாட்டக்கூடாது."

"வெச்சுக்கறனுங்க," என்றார் அம்மா. மீட்டரை வாங்கிக்கொண்டார். கொடுத்துவிட்டோமே என்று அப்போது குழந்தைவேலுவுக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை காலை இட்லி வந்தது. குழந்தைவேலு விரலால் அழுத்திப் பார்த்தார். விரல்தான் மடங்கியது. பாவாயியின் இட்லிக்காகவே மலையேறுகிற லாரிக்காரர்கள் மடத்தில் சாமி கும்பிட வருவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. இன்னும் இரண்டு நாளில் போகிறவன் குறை சொல்லக் கூடாது என்று தண்ணீரைக் குடித்து விழுங்கிவைத்தார்.

வியாழக்கிழமை இட்லியைப் பார்த்ததும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன பாவாயி, மாவு பொங்கலையா?"

"மார்கழிக் குளுருக்கு எப்படிங்க பொங்கும்?" என்றாள் பாவாயி. தட்டை நங்கென்று வைத்தாள். "மாசம் பூராவும் மாவுச் சட்டி மேல கூடையக் கவுத்து, உள்ள ஒரு குண்டு பல்பு போட்டு வெப்பேன். அந்தச் சூட்டுக்குப் பூவாட்டம் பொங்கியிருக்கும். இப்ப பல்பு இல்லை."

"எங்க போச்சு?"

"என்னக் கேக்காதீங்க. உங்க சிஷ்யையக் கேளுங்க."

சிஷ்யை பின்சுவரின் முன்னால் நின்றிருந்தார். சுவர் முழுக்கக் கணக்கு. மடத்திலிருந்த சாமான் ஒன்றுவிடாமல் அளந்து எழுதியிருந்தார். ஒரு வரியைச் சுற்றி மட்டும் பெரிய வட்டம்.

"வாங்க வேலண்ணா. நல்ல வேளைக்கு எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க. பாவாயி பல்ப அளந்தேன். நாப்பது ஓம். வோல்ட்ட அதால வகுத்தா அஞ்சே முக்கால் ஆம்ப்ஸ். மறுக்கா பெருக்குனா ஆயிரத்து முன்னூத்தி இருவத்தி ரெண்டரை வாட்ஸ். இன்வெர்ட்டர் தாங்கறது எண்ணூறு. கழட்டி எடுத்து உள்ள வெச்சுட்டேன்."

பாவாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு மாசமா அது எரிஞ்சுட்டுத்தான இருந்துச்சு?"

"எனக்கும் அதுதான் புரியல," என்றார் அம்மா, மிகவும் யோசனையோடு. "கணக்குப்படி அது எரிஞ்சிருக்கவே கூடாது."

குழந்தைவேலு சிரித்துவிட்டார். ஒரு வாரமாக அடைத்துக் கிடந்த சிரிப்பு. சுவரில் சாய்ந்து, சட்டை முதுகெல்லாம் கரியாக, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"பல்ப இப்படி அளக்கக் கூடாதுங்கம்மா."

"அணைச்சு வெச்சே அளக்கலாம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

சிரிப்பு பாதியில் நின்றது. "அது... இஸ்திரிப் பெட்டிக்குங்க. அதோட கம்பி சூடானாலும் ஆறுனாலும் தடை பெருசா மாறாது. பல்புல இருக்கற கம்பி வேற ரகம்."

"எப்படி வேற?"

"அணைஞ்சிருக்கறப்ப சில்லுனு கெடக்கும். தடை கொஞ்சமாத்தான் காட்டும். அத வெச்சுக் கணக்குப் போட்டா, சுவிட்சப் போட்டதும் தாங்காமப் போயிரும்னுதான் வரும்."

"போகாதுங்களா?"

"போகாதுங்க. கரண்டு உள்ள போனதும் சூடேறும். சூடேற ஏற தடையும் கூடவே ஏறும். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பத்து மடங்குக்கு மேல ஏறிப்போயிரும். அப்பறம் தனக்கு வேண்டிய கரண்ட மட்டும் எடுத்துக்கிட்டு அது பாட்டுக்கு எரியும்."

அம்மா பல்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே முடி மாதிரி ஒரு கம்பி.

"அத்தனை தடையையும் இது எங்க ஒளிச்சு வெச்சிருந்துச்சு?"

"எங்கயும் வெச்சிருக்காதுங்க. எரியறப்பத்தான் வரும்."

சொல்லிவிட்டு குழந்தைவேலு ஸ்குரூடிரைவரைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

பாவாயி கூடையைக் கொண்டுவந்து வைத்தாள். குழந்தைவேலு ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, பல்பை மாட்டினார். லைனில் ஒன்றை வெட்டி நடுவில் மீட்டரை நுழைத்தார். அம்மாவைச் சுவிட்சைப் போடச் சொன்னார். கூடைக்குள் இருந்து மஞ்சள் வெளிச்சம் ஓட்டை ஓட்டையாகச் சுவரில் விழுந்தது. இன்வெர்ட்டர் ஒரு முனகலும் முனகவில்லை.

"புள்ளி நாலு மூணு ஆம்ப்ஸ்," என்று படித்தார். "இப்பப் போடுங்க கணக்க."

அம்மா வகுத்தார். ஐந்நூற்று முப்பத்தைந்து ஓம். பெருக்கினார். தொண்ணூற்று ஒன்பது வாட், சொச்சத்தை விட்டுவிட்டார்.

"நூறு வாட்டு பல்புங்க இது," என்றார் குழந்தைவேலு. "மேல இருந்த எழுத்து அழிஞ்சு போச்சு."

"நூறு வாட்டுன்னு கேட்டுத்தான் நான் கடையில வாங்குனேன்," என்றாள் பாவாயி.

இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கிட்ட யாரு கேட்டீங்க?"

அம்மா ஈரத்துணியை எடுத்து, வட்டம் போட்ட வரியை அழித்தார். பாதி அழித்ததும் கை நின்றது.

"நாப்பதுன்னு மீட்டர் சொன்னது பொய்யுங்களா?"

"பொய்யில்லைங்க. சில்லுனு கெடக்கற கம்பிக்கு அது சரியான கணக்குத்தான். அத வெச்சுக்கிட்டு, எரிஞ்சா என்னாகும்னு முடிவு பண்ணுனதுதான் தப்பு."

"தப்புப் பண்ணுனது நானுங்களா?"

கூடையின் ஓட்டைகளில் வந்த வெளிச்சத்தில் குழந்தைவேலுவின் பெரிய கைகள் தெரிந்தன. அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்கம்மா. நானு."

அம்மா மீதியை அழித்துவிட்டு, அரிசி ஊறப்போட்டாயிற்றா என்று பாவாயியைக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை இட்லி பூவாக வந்தது. குழந்தைவேலு எண்ணாமல் சாப்பிட்டார். பாவாயி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இன்னும் இரண்டு வைத்தாள். பிறகு வாழை இலையில் ஒரு பொட்டலம் கட்டி அம்மாவிடம் கொடுத்தாள். வழியனுப்ப அவள் சாலைக்கு வரவில்லை. அடுப்பில் வேலை இருக்கிறது என்றாள். அடுப்பை அணைத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

மடத்துக்கு முன்னால் சாலையில் ஒரே நிறுத்தந்தான். கீழே போகிற நாமக்கல் பஸ்ஸும் மேலே போகிற ஜீப்பும் அதே புளியமரத்தடியில்தான் நிற்கும். குழந்தைவேலு பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அம்மா.

"தட்சணை பாக்கி இருக்குதுங்களா?"

"தீந்துதுங்க. எனக்குக் கணக்கு நல்லாப் புரிஞ்சுது."

"ஒண்ணு கேக்கட்டுங்களா? நீங்க தெரிஞ்சேதான் அந்தப் பல்பக் கழட்டுனீங்களா?"

"ரெண்டு நாளாக் கல்லத் தின்னது நானுந்தானுங்க வேலண்ணா. தெரிஞ்சு யாராச்சும் அந்தப் பாவத்தப் பண்ணுவாங்களா?"

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்திலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை. அம்மா சொன்னதைப் பாவாயி இன்றுவரை நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

நாமக்கல் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, "ஏறுங்க, ஏறுங்க" என்றார். குழந்தைவேலு பையின் காதைப் பிடித்தார். தூக்கவில்லை. கண்டக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். பஸ் போனது. தூசி அடங்கியது.

கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்தது. பின்னால் அரிசி மூட்டை, வெங்காய மூட்டை, இல்லத்துக்குப் போகிற கம்பளிக் கட்டு.

"மேல யாராச்சும் வாராங்களா?" என்று டிரைவர் கேட்டார்.

குழந்தைவேலு பையைத் தூக்கி வெங்காய மூட்டையின் மேல் போட்டார். ஒரு காலை எடுத்து ஜீப்பில் வைத்தார். பயம் எங்கேயும் போய்விடவில்லை, அவரோடு அதுவும் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு காலைத் தரையில் வைத்தபடியே திரும்பினார்.

"அம்மா."

"சொல்லுங்க."

"நான் தாங்குவனுங்களா?"

அம்மா இட்லிப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தார். அது இன்னும் சூடாக இருந்தது.

"எரியாத பல்ப அளக்கறத நான் விட்டுட்டனுங்க வேலண்ணா."